அடைமொழி இல்லாத அறிவிப்பு

வேலணையில் மாட்டுவண்டிச் சவாரி நடந்தால் ஒலிபெருக்கி அடுத்த ஊருக்கும் கேட்கும். "இதோ வருகிறது! காற்றுக்கே மூச்சு வாங்க வைக்கும் சோடி, கண் இமைத்தால் காணாமல் போகும் சோடி, இறுப்பிட்டி மண்ணின் இணையில்லாச் சோடி!" என்று குரல் ஏறும்போது, திடலுக்கு வராமல் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருப்பவர்களும் சொல்வார்கள்: "ஜெயரூபன் தொடங்கியிட்டான்."

அவன் தொடங்கியது பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில். அறிவிப்பாளருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "நீ சும்மா பேரை வாசிச்சு விடு" என்று ஆரோ ஒருவர் மைக்கை அவன் கையில் திணித்தார். ஜெயரூபன் பேரை மட்டும் வாசிக்கவில்லை. நூறு மீற்றர் ஓட்டத்தில் கடைசியாக வந்தவனை 'பொறுமையின் சிகரம்' என்று கூப்பிட்டான். திடல் முழுக்கச் சிரிப்பு, கைதட்டல். வென்றவனை அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து சவாரி, உதைபந்தாட்டம், தேர்த்திருவிழா, மாதா கோவில் பெருநாள் எல்லாவற்றுக்கும் அவன்தான். வெறும் பேரை வாசிப்பவனை அடுத்த முறை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பது அவனுடைய தொழில் அனுபவம். தீவுப்பகுதிச் சனம் மேடைக்கு வருகிறவரைச் சும்மா வரவிடுவதில்லை. தபால்காரர் ஓய்வு பெற்றாலும் ஒரு வாழ்த்துப்பா, அதில் நாலு அடைமொழி. மேடை பெரிதாகப் பெரிதாகச் சொல்லும் பெருகவேண்டும். அதுதான் மரியாதை. இதில் ஜெயரூபனுக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

ஆனால் மாரி தொடங்கினால் மைக்குக்கு வேலை இல்லை. இளவயதில் அவன் கட்டாருக்குப் போய் ஒரு ஹோட்டல் வரவேற்பில் நின்றான். ஆங்கிலம் அங்கேதான் நாக்கில் ஏறியது. திரும்பி வந்து, முன்பள்ளி ஆசிரியை கோசலாவைக் கட்டியபோது, "இனிப் போறேல்லை" என்று வாக்குக் கொடுத்தான். முப்பத்தெட்டு வயதில் அந்த வாக்கு ஆட்டம் காணத் தொடங்கியது. பழைய மனேஜர் வட்ஸ்அப்பில் கேட்டார்: இடம் ஒன்று காலியாக இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் வருகிறாயா?

அதே கிழமைதான் அந்த விளம்பரமும் வந்தது. பலாலி விமான நிலையத்தில் பயணிகளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்புச் செய்ய ஒரு நிறுவனம் ஆள் தேடியது. நிரந்தர வேலை. குரல் தேர்வில் ஜெயரூபன் முதலாவதாக வந்தான். ஒரே ஒரு நிபந்தனை: சர்வதேச ஆங்கிலப் பரீட்சையில் எழுத்துக்கும் பேச்சுக்கும் ஒன்பதில் தலா ஆறு புள்ளி வேண்டும். அவன் எடுத்துப் பார்த்தான். இரண்டிலும் ஐந்து.

நிறுவனம் இன்னொரு தவணை கொடுத்தது. அதற்குமேல் இல்லை.

"பலாலிக்கு எப்பிடியும் போகத்தான் போறன்" என்பான் ஜெயரூபன். "ஒண்டில் பிளேனுக்கு ஆளைக் கூப்பிடுறவனா, இல்லாட்டி பிளேனில ஏறுறவனா." சொல்லிவிட்டுத் தானே சிரிப்பான். கோசலா சிரிக்கமாட்டாள்.

ஆங்கிலம் தெரிந்தும் ஏன் ஐந்து? அவன் கண்டுபிடித்த விடை: வடிவு போதாது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆங்கில மரபுத்தொடர்கள் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்றை வாங்கினான். பஸ்ஸில் பாடமாக்கினான், குளிக்கும்போது பாடமாக்கினான், பல்லுத் தீட்டும்போதும் வாய்க்குள் முணுமுணுத்தான். வெள்ளைக்காரனுக்கும் இவ்வளவு அடைமொழி இருக்கிறதா! அவனுக்குப் புதையல் கிடைத்த சந்தோசம்.

புதையலை எடுத்துக்கொண்டு வினோஜாவிடம் போனான். சுருவில் ஊர்ப் பெட்டை, பல்கலைக்கழகம் முடித்து வேலணைச் சந்திக்குப் பக்கத்தில் ஆங்கில வகுப்பு நடத்தினாள். அவனைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அவன் அவளை "ரீச்சர்" என்பான், அவள் "அண்ணை" என்பாள்.

முதல் நாள் அவள் கொடுத்த பயிற்சி ஒரு விடுமுறைக் கடிதம். குடும்பத்தில் ஒரு மரணம், முகாமையாளரிடம் நான்கு நாள் லீவு கேட்கவேண்டும். ஜெயரூபன் தன் மாமனார் கதிர்காமுவைத் தேர்ந்தெடுத்தான். கதிர்காமு அப்போது நல்ல சுகமாக வீட்டில் பனங்கிழங்கு சப்பிக்கொண்டிருந்தார்.

வினோஜா கடிதத்தை வாசித்தாள். ஒரு வரியில் நின்றாள். பேனையைக் கீழே வைத்தாள்.

"அண்ணை, இது என்ன, 'கிக்ட் த பக்கெற்'?"

"மாமா செத்துப்போனார் ரீச்சர். மரபுத்தொடர். வாளியை உதைச்சார் எண்டு."

"விளங்குது. நான் ஒண்டு கேக்கிறன். நீங்கள் பிரதேச செயலாளருக்குத் தமிழில கடிதம் எழுதுறியள் எண்டு வையுங்கோ. 'கனம் ஐயா, எனது மாமனார் நேற்று மண்டையைப் போட்டுட்டார்' எண்டு எழுதுவியளோ?"

ஜெயரூபன் கதிரை கிறீச்சிடச் சிரித்தான். பின்வரிசை வாங்கில் இருந்த ஏ.எல். பிள்ளைகளும் சிரித்தார்கள்.

"அது ரோட்டில நிண்டு கூட்டாளியோட கதைக்கிற கதை, அண்ணை. அர்த்தம் சரி. இடம்தான் பிழை."

வீட்டில் போய்ச் சொன்னபோது கோசலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இஞ்சாருங்கோ, அப்பாவை உயிரோட சாக்காட்ட உங்களுக்கு என்னெண்டு மனம் வந்தது?"

உள்ளேயிருந்து கதிர்காமுவின் குரல் வந்தது: "நாலு நாள் லீவுதானோ கேட்டவர்? என்ரை எட்டாம் நாள் சடங்கு முடியும் மட்டும் கேட்டிருக்கலாமே!"

பாடம் ஏறிவிட்டது என்று வினோஜா நினைத்தாள். ஏறியது பாதிதான். மரியாதைக் குறைவான தொடர்களை அவன் விலக்கினான். அதற்குப் பதிலாக, நல்ல தொடர்களாகப் பொறுக்கி எடுத்து இரட்டிப்பாகப் போட்டான். அடுத்த கடிதம், பஸ் பிந்தி வருவது பற்றிய முறைப்பாடு. அதில் பதினோராம் மணி வந்தது, ஒட்டகத்தின் முதுகை முறித்த கடைசி வைக்கோல் வந்தது, பந்து உங்கள் பக்கத்தில் என்று ஒரு சவாலும் வந்தது.

"அண்ணை, பஸ் எந்த நாள் பிந்தினது? எத்தினை மணிக்கு வரவேணும், எத்தினை மணிக்கு வந்தது? நீங்கள் என்ன கேக்கிறியள்? ஒண்டும் இல்லை. இது கடிதமோ, தேர்த்திருவிழாவோ?"

"பெரிய இடத்துக்குப் போற கடிதம் ரீச்சர். வெறுங்கையோட போகலாமோ?"

பேச்சுப் பயிற்சி அதைவிட மோசம். உங்கள் ஊரில் காலநிலை எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஜெயரூபன் நெஞ்சை நிமிர்த்தி, மைக் இல்லாமலேயே மைக் குரலில், பூனையும் நாயுமாக மழை கொட்டுகிறது என்ற பழைய தொடரை அவிழ்த்துவிட்டான்.

வினோஜா யன்னலைக் காட்டினாள். வெளியே வெயில் தகரத்தைப் பிளந்துகொண்டிருந்தது. "எங்கை அண்ணை மழை? கிணறு வத்தி பவுசரில தண்ணி வருது. அதுவும் அந்தத் தொடர் இப்ப வெள்ளைக்காரரே சொல்லுறது குறைவு. பாடமாக்கினது எண்டு கேக்கிற ஆளுக்கு உடன விளங்கிடும்."

"அப்ப ஒண்டும் சொல்லக்கூடாதோ?"

"சொல்லலாம். பேச்சில ஒண்டு ரெண்டு பொருந்தி வந்தால் புள்ளி கூடும். பொருந்தவேணும்."

"பொருந்துது எண்டு என்னெண்டு தெரியும்?"

"யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்றாள் அவள். பரீட்சைக்கு ஒரு கிழமைதான் இருந்தது. கட்டார் மனேஜர் கடவுச்சீட்டின் படம் கேட்டிருந்தார். கோசலா அதை அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலணையில் பெரிய சவாரி. புங்குடுதீவிலிருந்து, வட்டுக்கோட்டையிலிருந்து, கிளிநொச்சியிலிருந்தும் சோடிகள் லொறியில் வந்து இறங்கின. திடலின் இரு பக்கமும் கயிறு கட்டி, கயிற்றுக்குப் பின்னால் சனம். டிரக்டர் பெட்டிதான் அறிவிப்பு மேடை. ஜெயரூபன் அன்று உச்சத்தில் இருந்தான். வண்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டம், மாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வம்சம். சோடா விற்றவருக்குக்கூட 'தாகம் தீர்க்கும் தங்கக்கை' கிடைத்தது.

இறுதிப் போட்டி. இறுப்பிட்டி வசீகரனின் வெள்ளைச் சோடியும் கிளிநொச்சிச் சோடியும். வண்டில்கள் புறப்பட்டன. புழுதி எழுந்தது. "வருகிறது வருகிறது, வெள்ளை மின்னல் வருகிறது, வசீகரன் கையில் வாயுவேகம் வருகிறது..." எல்லைக்கோட்டைச் சக்கரம் தாண்டியதுதான் தாமதம், பூட்டாங்கயிறு அறுந்தது. வெள்ளைச் சோடியின் வலது நாம்பன் நுகத்திலிருந்து தலையை உருவிக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தது.

கயிற்றைத் தாண்டி, நேரே ஐஸ்கிறீம் வானை நோக்கி. அங்கேதான் பெண்களும் குழந்தைகளும் கூடி நின்றார்கள்.

சனம் ஒரு குரலாய்க் கத்தியது. ஒலிபெருக்கியில் அடுக்குமொழி நின்றது. அடுத்த கணம் ஜெயரூபனின் குரல், உயராமல், அவசரப்படாமல் வந்தது.

"ஐஸ்கிறீம் வானடியில நிக்கிற ஆக்கள், பனையடிப் பக்கம் போங்கோ. ஓடாதேங்கோ. நடவுங்கோ. பிள்ளையளைத் தூக்குங்கோ."

சனம் நகர்ந்தது.

"ஒருத்தரும் கத்தாதேங்கோ. மாடு சத்தத்துக்குப் பயப்பிடுது. வசீகரன், நீர் மட்டும் வாரும். மற்ற ஆக்கள் அப்பிடியே நில்லுங்கோ."

அவ்வளவுதான். திடலில் காற்று வீசும் சத்தம் கேட்டது. வானுக்கு முன்னால் நாம்பன் நின்றது, மூச்சு விட்டது, எல்லோரையும் பார்த்தது. வசீகரன் வாயால் மெல்லச் சத்தம் கொடுத்தபடி நடந்து வந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்தான். ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை. விழுந்தது இரண்டு ஐஸ்கிறீம் மட்டும்.

பிறகு கைதட்டல் எழும்பியது. ஜெயரூபன் மைக்கை வைத்துவிட்டான். பெட்டியிலிருந்து இறங்கினால், கீழே வினோஜா நின்றாள். ஐஸ்கிறீம் வானடியில் நின்றவர்களில் அவளும் ஒருத்தி. சட்டையில் ஐஸ்கிறீம் வழிந்திருந்தது.

"அண்ணை! காலமையில இருந்து ஒவ்வொரு மாட்டுக்கும் ஏழு அடைமொழி சொன்னனீங்கள். உண்மையில மாடு பாய்ஞ்சு வரேக்க ஒண்டையும் காணேல்லையே?"

"என்ன ரீச்சர் கதைக்கிறியள்? அந்த நேரத்தில ஆராவது அடைமொழி போடுவினமோ? ஆக்கள் விலகவேணுமல்லோ! சொன்ன உடன..."

அவன் நிறுத்தினான். வினோஜா புருவத்தை உயர்த்திக்கொண்டு காத்திருந்தாள்.

"ஓ" என்றான் ஜெயரூபன்.

"அதுதான் அண்ணை. அந்த முகாமையாளருக்கும் உங்கடை கடிதம் வாசிச்ச உடன ஒரு அலுவல் செய்யவேணும். லீவு தரவேணும், இல்லாட்டி பஸ்ஸைத் திருத்தவேணும். அவரை நிக்கவைச்சு விளையாட்டுக் காட்டினால் அவர் எப்ப விலகுவார்?"

"அப்ப பேச்சு?"

"பேச்சு வேற. இப்ப நீங்கள் வீட்டை போய்க் கோசலா அக்காவுக்கு இந்தக் கதையைச் சொல்லுவியள்தானே? அப்பேக்க 'எனக்குச் சீவன் போயிட்டுது' எண்டு சொல்லுவியள். தேடிப் பிடிச்சோ சொல்லுவியள்? தானா வரும். அப்பிடி வந்தால் விடுங்கோ. வராட்டி விட்டுத் தள்ளுங்கோ." கொஞ்சம் யோசித்து, இன்னும் ஒன்று சொன்னாள். "கேக்கிற ஆள் சிரிக்கலாம், ஆச்சரியப்படலாம் எண்டால் போடலாம். அந்த ஆள் கையெழுத்துப் போடவேண்டிய அலுவல் எண்டால் போடாதேங்கோ."

அன்றிரவு கோசலாவுக்கு முழுக்கதையும் சொன்னான். சொல்லும்போதே காதைக் கூர்மையாக்கி, தன் வாயில் எந்தத் தொடர் எந்த இடத்தில் தானாக வருகிறது என்று கவனித்தான். "கதையைச் சொல்லுங்கோவன், ஏன் இடையில இடையில நிக்கிறியள்?" என்று அவள் ஏசினாள். தடித்த புத்தகம் அந்தக் கிழமை முழுக்க அலுமாரிக்கு மேலே கிடந்தது.

பரீட்சை யாழ்ப்பாண நகரத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில். பண்ணைப் பாலத்தில் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் கடல் பளபளத்தது. வழமையாக அவன் அதற்கு நாலு வசனம் வைத்திருப்பான். இன்றைக்குப் பேசாமல் பார்த்துக்கொண்டு வந்தான்.

எழுத்துப் பகுதியில் ஒரு கடிதம்: ஹோட்டலில் உங்கள் பை தொலைந்தது, முகாமையாளருக்கு எழுதுக. ஹோட்டல் வரவேற்பில் நின்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும்! பேனை பறந்தது. பையின் நிறம், அறை இலக்கம், எங்கே வைத்தான், யாரிடம் சொன்னான், இப்போது அவர்கள் என்ன செய்யவேண்டும். நடுவில் வைக்கோற்போருக்குள் ஊசி தேடும் தொடர் கதவைத் தட்டியது. எவ்வளவு வடிவு! கை தானாக முதல் சொல்லை எழுதிவிட்டது. ஜெயரூபன் மேசையைப் பார்த்தான். இந்தக் கடிதத்தை ஒரு களைத்த மனேஜர் வாசிக்கிறார் என்று நினைத்தான். அந்த மனேஜரை அவனுக்கு நன்றாகத் தெரியும், ஆறு வருடம் அவருக்குப் பக்கத்தில் நின்றவன். சொல்லை வெட்டினான். 'பை இன்னும் கிடைக்கவில்லை' என்று எழுதினான். ஆங்கிலத்தில் அது இன்னும் சின்ன வசனமாக இருந்தது. சின்ன வசனம் ஒன்று இவ்வளவு பலமாக நிற்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

பேச்சுப் பகுதிக்கு ஒரு சின்ன அறை. எதிரே கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண்மணி, கண்ணாடி, ஒலிப்பதிவுக் கருவி. தலைப்பு அட்டையைத் திருப்பினாள்: எதிர்பாராமல் நடந்த ஒரு சம்பவத்தை விபரிக்குக.

ஜெயரூபனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

சவாரி என்றால் என்ன என்று தொடங்கினான். புழுதியைச் சொன்னான், அறுந்த கயிற்றைச் சொன்னான், ஐஸ்கிறீம் வானைச் சொன்னான். மைக் குரல் இல்லை. வீட்டில் கோசலாவுக்குச் சொன்ன குரல். நாம்பன் பிள்ளைகளுக்கு நேரே பாய்ந்த இடத்துக்கு வந்தபோது, அன்றைய காட்சி கண்முன் திரும்பி வந்தது. "மை ஹார்ட் வோஸ் இன் மை மௌத்" என்று வாய் சொல்லிவிட்டது. நெஞ்சு தொண்டைக்குள் வந்து நின்றதைச் சொல்லும் தொடர். அவன் தேடவில்லை. அந்த இடத்தில் வேறு சொல் இருக்கவும் இல்லை.

பெண்மணி பேனையை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு மேலால் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடு நின்றது என்று அவன் சொன்னதும், அவளும் மூச்சு விட்டது அவனுக்குக் கேட்டது.

கடைசியில், பொது நிகழ்ச்சிகளுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதிக்கவேண்டுமா என்று கேட்டாள். முறையாகப் பதில் சொன்னான். முடிக்கும்போது பழைய வியாதி எட்டிப் பார்த்தது. 'அற் த எண்ட் ஒவ் த டே' என்று ஒன்று விழுந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான். வெளியே வந்து வினோஜாவுக்கு முதலில் அதைத்தான் சொன்னான். "ஒண்டு தப்பிப் போட்டுது ரீச்சர்!" அவள் சிரித்தாள். "ஒண்டுக்குத் தூக்கில போடமாட்டினம் அண்ணை."

முடிவு வரும் நாள் ஒரு சனிக்கிழமை. அன்று சுருவிலில் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. கட்டாருக்கு ரிக்கற் போடுவதா இல்லையா என்று மனேஜர் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தார். பின்னேரம் சொல்கிறேன் என்று எழுதிவிட்டு ஜெயரூபன் மைக்கைப் பிடித்தான். கோசலா முதல் வரிசைக் கதிரையில் போனோடு இருந்தாள். அவனுடைய போன் அவளிடம். பக்கத்தில் கதிர்காமு, கச்சான் கடலைச் சரையோடு.

இடைவேளைக்குச் சற்று முன்னர் கோசலா எழும்பினாள். கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது. போனைக் காட்டிக்கொண்டு எல்லைக்கோட்டு ஓரமாக ஓடிவந்தாள். நடுவர் விசில் ஊதினார், அவள் கவனிக்கவில்லை.

"பாருங்கோ! பாருங்கோ!"

எழுத்து, ஆறு. பேச்சு, ஏழு.

ஜெயரூபன் இரண்டு முறை பார்த்தான். கோசலா அழுதுகொண்டே சிரித்தாள். திடல் முழுக்க அவனையே பார்த்தது. மைக் கையில் இருந்தது. இத்தனை வருடமாக மற்றவர்களின் வெற்றிக்கெல்லாம் சொல் தேடிக் கொடுத்தவன், தன்னுடையதற்கு வாயைத் திறந்தான்.

"நான் பரீட்சை பாஸ். பலாலி வேலை எனக்குத்தான். கட்டாருக்குப் போகேல்லை."

ஜெயரூபன் இப்படிப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. ஏதோ கெட்ட செய்தியோ என்று பின்வரிசையில் சிலர் எழும்பி நின்றார்கள்.

கதிர்காமுதான் முதலில் கத்தினார். "டேய் மருமோன்! உண்மையோ? ஒரு அடைமொழியும் இல்லாமல் சொல்லுறாய்?"

"உண்மை மாமா! அதுதான் ஒண்டும் போடேல்லை!"

அதற்குப் பிறகு எழும்பிய சத்தம் ஊர்காவற்றுறைக்கே கேட்டிருக்கும். விளையாட்டு வீரர்கள் பந்தை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். சனத்துக்குள்ளே இருந்து வினோஜா இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினாள். ஜெயரூபன் அவளைக் கண்டான். ஒலிபெருக்கியின் சத்தத்தை முழுதாகத் திருப்பினான். இங்கே யாரும் எதற்கும் கையெழுத்துப் போடவேண்டியதில்லை.

"இதோ நிற்கிறார்! சுருவில் மண் ஈன்ற சுடர்விளக்கு, ஐந்தை ஏழாக்கிய அற்புதக்கை, ஆங்கிலக் கடலைத் தாண்ட வைத்த அணையா ஒளி, எங்கள் வினோஜா ரீச்சர்..."

"ஐயோ அண்ணை, காணும், விடுங்கோ!" என்று அவள் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை.